வந்து போனவர்களும் தங்கியவர்களும்

திருச்சி புத்தூரில் பிஷப் ஹீபர் கல்லூரி இருக்கிறது. தெப்பக்குளத்தருகே அதே பெயரில் பழைய பள்ளி ஒன்று இருக்கிறது. “நான் ஹீபர்ல படிச்சவன்” என்று சொல்ல ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அந்தப் பெயருக்கு உரிய ரெஜினால்ட் ஹீபர் திருச்சியில் உயிரோடு இருந்தது மூன்றே நாள். 1826 ஏப்ரல் 1ஆம் தேதி சனிக்கிழமை வந்தார்; 3ஆம் தேதி திங்கட்கிழமை காலை இறந்துபோனார். அவருக்கு முன்னால் கிறிஸ்டியன் போலே என்ற ஜெர்மானியர் திருச்சிக் கோட்டைச் சபையில் 1777 முதல் 1818இல் கண்மூடும் வரை ஊழியம் செய்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் இங்கேயே கிடந்த மனிதர். இன்று திருச்சியில் அவர் பெயரைச் சொன்னால் மிகச் சிலருக்கே தெரியும். அவரோடு சேர்ந்து ஊர் ஊராக நடந்த தமிழ் உபதேசியார்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மூன்று நாள் வந்தவர் நினைவில் நிற்பதும் நாற்பது ஆண்டு தங்கியவர் மறைந்துபோவதும் திருச்சியில் மட்டும் நடப்பதல்ல. உலகமெங்கும் கிராமத் திருச்சபைகளைப் பார்க்கப் போகிறவர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கென்யாவின் ஒரு மலைக்கிராமத்துக்குப் போகும் குழுவும், திருச்சி கன்டோன்மென்டிலிருந்து வேனில் மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்துக்குப் போகும் வாலிபர் குழுவும் ஒரே கேள்வியைத்தான் எதிர்கொள்கின்றன. போய் வந்ததால் அந்த ஊருக்கு என்ன நடந்தது? இந்தக் கேள்விக்கு நானூறு ஆண்டு சாட்சியம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணோடு நாம் அதைப் பார்ப்பதில்லை.

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி என்ற தத்துவ போதகர் 1623இல் வடக்கு நோக்கிப் பயணம் புறப்பட்டு, திருச்சி, சேந்தமங்கலம், சேலம் பகுதிகளைச் சுற்றினார். பிறகு நாயக்கர் தலைநகரம் திருச்சிக்கு மாறியபோது மதுரை மிஷனின் கவனமும் இங்கே திரும்பியது. 1640இல் பல்தசார் தா கோஸ்தா பண்டார சுவாமி என்ற புது முறையைத் தொடங்கினார். நோபிலியின் வழியில் வந்த சந்நியாசிக் குருக்கள் ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக முடியாத நிலையில் இருந்தார்கள். பண்டார சுவாமிகளோ இரு தரப்பாரிடமும் போகலாம். அந்தக் காலத்துச் சாதி அமைப்புக்கு வளைந்துகொடுத்த ஏற்பாடு இது. அதனால் அதைப் பாராட்டவும் எனக்கு மனம் வரவில்லை, முழுக்க ஒதுக்கவும் முடியவில்லை. ஏழைகளின் ஊருக்குள் குரு காலெடுத்து வைக்க அது ஒரு வாசலைத் திறந்தது என்பது மட்டும் உண்மை.

அந்தக் குருக்கள் எழுதி அனுப்பிய ஆண்டுக் கடிதங்களிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. ஒரு குருவின் பொறுப்பில் பல நாள் நடந்தாலும் தீராத பரப்பு இருந்தது. ஒரு கிராமம் அவரை ஆண்டுக்கு ஓரிரு முறை பார்த்தால் அதிகம். வெள்ளத்தாலும் பஞ்சத்தாலும் படையெடுப்பாலும் அதுவும் தவறிப்போகும். குரு வராத மாதங்களில் செபம் சொல்லிக்கொடுத்தவர், சாகக் கிடந்தவரின் அருகில் உட்கார்ந்தவர், பிறந்த குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்தவர் உபதேசியார். குருவின் வருகை ஊருக்குத் திருவிழா. ஊரின் அன்றாட விசுவாசம் உபதேசியாரின் தோளில் இருந்தது. ஆனால் ஐரோப்பாவில் அச்சேறிய கடிதங்களை எழுதியவர்கள் குருக்கள்தான். ஆவூரில் பணியாற்றிய பூஷே சுவாமியின் கடிதங்களைப் பிரான்சில் ஆர்வத்தோடு படித்தார்கள். உபதேசியாரின் கடிதம் அப்படி எங்கும் அச்சாகவில்லை. எழுதுகிறவன் கையில்தான் நினைவு தங்குகிறது. இன்று கைப்பேசியில் படம் எடுக்கிறவனுக்கும் அதே அதிகாரம் கிடைத்திருக்கிறது.

ஆவூர் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது; திருச்சியிலிருந்து விராலிமலைப் பக்கமாகப் போகவேண்டும். அங்குள்ள பெரியநாயகி மாதா கோயில் 1747இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றியிருக்கிறார். ஆவூர்ப் பாஸ்கா நாடகத்தையும் உயிர்ப்புப் பெருவிழாத் தேரையும் பார்க்கச் சுற்றுவட்டாரம் முழுவதும் திரளும். இத்தாலியிலிருந்து வந்தவரைத் தமிழ் முழுவதுமாக எடுத்துக்கொண்டதற்கு வீரமாமுனிவரைவிடப் பெரிய உதாரணம் இல்லை. அவரை நாம் வருகையாளர் என்று எண்ணுவதேயில்லை, ஏனென்றால் அவர் திரும்பிப் போகவில்லை. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் அவர் வளர்த்த அடைக்கல மாதா கோயிலும், 1726இல் முடித்த தேம்பாவணியும் இந்த மண்ணோடு சேர்ந்துவிட்டன.

சீர்திருத்தச் சபைக்காரர்களின் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. தரங்கம்பாடியிலிருந்து கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் 1762இல் திருச்சிக்கு வந்தார். மறு ஆண்டு கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டார்கள். அநாதைகளான சிப்பாய்ப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளியை நடத்தினார். 1766இல் கோட்டைக்குள் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. அவர் தங்கியது பழைய கட்டடம் ஒன்றில், தானும் ஒரு கட்டிலும் கொள்ளும் அளவுள்ள அறை. சாப்பாடு சோறும் காய்கறியும். பார்த்தவர்கள் இதை வியந்து எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஆங்கிலேயப் படையின் குருவாகவும் அவர் இருந்தார். அரசு அதற்குச் சம்பளம் கொடுத்தது. நவாபின் அரண்மனையிலும் கும்பினித் தளபதிகளிடமும் அவருக்குச் செல்வாக்கு இருந்தது. அவர் அந்தச் செல்வாக்கைத் தனக்கென்று பயன்படுத்தவில்லை என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும், ஸ்வார்ட்ஸைத் திண்ணைக்கு அழைத்துப் பேசிய தமிழன் அவருக்குப் பின்னால் கோட்டைக் கொத்தளத்தையும் சேர்த்தே பார்த்திருப்பான். வருகிறவர் எவ்வளவு எளியவராக இருந்தாலும் அவரை அனுப்பிய நாட்டின் பலம் அவரோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்று டாலரோடு வருகிறவர்களுக்கும் இதே நிலைதான்.

ஸ்வார்ட்ஸ் காவிரி தாண்டி ஸ்ரீரங்கத்துக்கும் போய் அங்குள்ளவர்களோடு பேசியிருக்கிறார். ஸ்ரீரங்கத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். ஏழு மதில் கொண்ட அந்த ஊர் நூற்றாண்டுகளாக வருகையாளரைக் கையாண்டு பழகியது. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். எதுவரை யார் போகலாம், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே படம் எடுக்கக் கூடாது என்பதெல்லாம் கோயில் வைத்த விதி. அந்நிய நாட்டார் கோபுரங்களைப் பார்க்க மாடிக்கு ஏறினாலும், கருவறைப் பக்கம் போகக் கூடாது என்றால் போவதில்லை. அந்த விதிகளில் எனக்கு உடன்பாடில்லாதவையும் உண்டு. ஆனால் வருகிறவன் வீட்டுக்காரனின் விதிக்கு அடங்கி நடப்பது அங்கே இயல்பாக நடக்கிறது. அதே வெளிநாட்டார் இருபது மைல் தள்ளி ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்ன ஜெபவீட்டுக்குள் நுழையும்போது எல்லா விதியும் தலைகீழாகிவிடுகிறது. ஆராதனை நேரம் அவர் வசதிக்கு மாறுகிறது. பீடத்தருகே அவருக்கு நாற்காலி போடப்படுகிறது. சபை மூப்பர் நிற்கிறார். ஏழைச் சபைக்கு விதி போடத் தெரியாததால் இப்படி நடக்கவில்லை. விதி சொன்னால் வந்தவர் மனம் கோணுவாரோ, உதவி நின்றுவிடுமோ என்ற பயம் அதன் தொண்டையை அடைக்கிறது.

ஸ்வார்ட்ஸின் வாழ்க்கையில் குறுகிய கால வருகைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு திருச்சியில் கிடைப்பதைவிடப் பாளையங்கோட்டையில் கிடைக்கிறது. 1778இல் அங்கே போய் கோகிலா என்ற விதவைப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்று நாம் அறியும் அந்தப் பெண்தான் அங்கிருந்த சிறு கூட்டத்தைக் கட்டிக்காத்தார். 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். 1785இல் ஸ்வார்ட்ஸ் மறுபடி போனபோது குளோரிந்தா கட்டிய கோயில் எழுந்து நின்றது. அதன் பின் சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியார் அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் இந்தியாவிலேயே பெரிய சபைகளில் ஒன்றாகத் திருநெல்வேலித் திருச்சபை வளர்ந்ததற்கு இதுவே வேர். ஸ்வார்ட்ஸ் அங்கே கழித்த நாட்கள் கொஞ்சம். உள்ளூர்ப் பெண் ஒருத்தி தொடங்கியதை ஏற்று, உள்ளூர் மொழி பேசும் ஒருவரை அனுப்பிவிட்டு ஒதுங்கினார். குறுகிய வருகை பலன் தந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி ஹீபருக்கு வருவோம். கல்கத்தாவின் பேராயர் அவர். அன்றைக்கு இந்தியா முழுவதும் அந்த ஒரே மறைமாவட்டம். 1826 மார்ச் 26 உயிர்த்தெழுந்த ஞாயிறன்று தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸின் கோயிலில் பிரசங்கம் செய்தார். தமிழ் ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். அதைப் பழகிக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறார் என்பதை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை. சரபோஜி மன்னரைச் சந்தித்துவிட்டுத் திருச்சிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை புனித யோவான் ஆலயத்தில் ஆங்கிலத்தில் பிரசங்கம். திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே கோட்டைக்குப் புறப்பட்டு, தமிழ்ச் சபையாரோடு ஆராதனை செய்து, திடப்படுத்தல் கொடுத்தார். கட்டடமும் பள்ளியும் நலிந்து கிடந்ததைப் பார்த்தார். மக்கள் தங்கள் குறைகளைச் சொன்னார்கள்; வெயில் ஏறும்வரை நின்று கேட்டார். திரும்பி வந்து தங்கியிருந்த வீட்டின் குளியல் தொட்டியில் இறங்கியவர் பிணமாகத்தான் வெளியே வந்தார். வயது 42. யோவான் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். கூடப் பயணித்த தாமஸ் ராபின்சன் அந்தக் கடைசி நாட்களை எழுதி அச்சிட்டார்.

அந்தச் சாவு ஹீபரை ஒரு நினைவுச்சின்னமாக்கிவிட்டது. கோட்டைச் சபையார் அன்று காலை அவரிடம் சொன்ன குறைகள் அதற்கடியில் போய்விட்டன. அன்றைய சபைகளில் எரிந்துகொண்டிருந்த இன்னொரு பிரச்சினை சாதி. கோயிலுக்குள் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு பக்கம். திருவிருந்திலும் முந்தி பிந்தி. ஹீபர் இதைப் பற்றி விசாரித்து, பொறுமையோடு போகவேண்டும் என்ற எண்ணத்தில் இருந்தார். அவருக்குப் பின் வந்த பேராயர்களில் ஒருவரான டேனியல் வில்சன் 1833இல் எழுதிய கடிதத்தில் சபைக்குள் சாதி உடனடியாக, முழுவதுமாக ஒழியவேண்டும் என்று கட்டளையிட்டார். 1835இல் தாமே தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் வந்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் சபைகள் உடைந்தன. ஸ்வார்ட்ஸ் வளர்த்த வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்ப்பக்கம் நின்றார். விலகியவர்களில் பலர் பிறகு 1840 முதல் வந்த ஜெர்மன் லுத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இன்று திருச்சியில் இருப்பதற்குப் பின்னால் இந்தப் பிளவும் ஒரு இழை.

வில்சன் சொன்னது சரி. இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் கிடையாது. ஒரே கிண்ணத்தில் குடிக்க மறுப்பவர்களின் மனம் புண்படுமே என்று காலம் கடத்தியதில், தள்ளி உட்கார வைக்கப்பட்டவர்களின் மனம் தலைமுறை தலைமுறையாகப் புண்பட்டது. ஆனால் வில்சன் கட்டளை போட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார். ஞாயிறு தோறும் அந்தக் கோயிலுக்குள் போய் உட்கார வேண்டியவர்கள், உட்கார்ந்ததற்காகத் தெருவில் பதில் சொல்ல வேண்டியவர்கள், கூலி மறுக்கப்பட்டவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களோடு நிற்க ஆள் போதவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்துவைத்த சுவரைப் பற்றி நம் காலம் வரை போராட்டங்கள் நடந்திருக்கின்றன. வெளியிலிருந்து வந்து சொன்ன சரியான சொல், உள்ளே தங்கி அதைச் சுமப்பவர்கள் இல்லாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியை முற்றிலும் வேறு கோணத்தில் எடுத்தவர் ஒருவர் திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தார். பிரான்சிலிருந்து 1939இல் வந்த ஜூல் மோன்ஷனின். மறைமாவட்டத்தின் முதல் இந்திய ஆயர் ஜேம்ஸ் மென்டோன்சா அவரை ஏற்றார். பெரிய படிப்பாளி, பாரிஸ் அறிஞர்கள் மதித்த மூளை. அவர் பத்தாண்டு குளித்தலை வட்டாரத்துக் கிராமங்களில் சாதாரணப் பங்குச் சாமியாராக இருந்தார். மழைக்கு ஒழுகும் வீடுகளில் தங்கி, காய்ச்சலோடும் தனிமையோடும் போராடி, தமிழ் கற்றார். 1948இல் ஹென்ரி லெ சோ என்ற துறவி வந்து சேர்ந்தார். 1950 மார்ச் 21 அன்று இருவரும் குளித்தலையருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக்கரை மாந்தோப்பில், சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று ஊர் அறியும் இடம் அது. கொடுக்க வந்தோம் என்ற எண்ணத்தை அவர்கள் கீழே வைத்தார்கள். இந்தியத் துறவு மரபிடமிருந்து கற்றுக்கொள்ள உட்கார்ந்தார்கள். மோன்ஷனின் காலத்தில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு. 1957இல் நோயோடு பாரிஸ் போய் அங்கேயே இறந்தார். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற துறவி பொறுப்பேற்ற பிறகு உலகமெங்குமிருந்து ஆட்கள் வந்தார்கள். 1993இல் அவர் மறையும்வரை அந்த வரத்து பெருகியது.

சாந்திவனத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. அங்கே வந்து தங்கிய வெளிநாட்டார் உபநிடதத்திடம் கற்றார்கள். பக்கத்துக் கிராமத்துச் சபையிடம் கற்க அவ்வளவாக யாரும் போகவில்லை. சேற்றில் நாற்று நட்டுவிட்டு வந்து மாலையில் செபமாலை சொல்லும் பெண்ணுக்கும் கடவுளைப் பற்றிச் சொல்ல ஏதோ இருந்திருக்கும். மோன்ஷனின் அந்தப் பெண்களோடு பத்தாண்டு வாழ்ந்தவர். அவரைத் தேடி வந்தவர்கள் அவர் நடந்த அந்தக் கிராமப் பாதையில் கொஞ்சம் நடந்திருக்கலாம்.

போய்ப் பார்த்ததால் போனவரே மாறிய கதை ஒன்று உண்டு. அதை நம் வாலிபர்களுக்குச் சொல்லவேண்டும். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத் தங்கள் ஆட்களை ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்த்தே பழகிய தன் ஊரை நினைத்தார். மறு ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஊழியர்கள் தெலுங்கு நாட்டின் தோர்னக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்றார்கள். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் அசரியா எழுந்து, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், ஆனால் எங்களுக்குத் தோழர்களாக வாருங்கள் என்ற கருத்தில் பேசினார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. 1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். நூறு ஆண்டு கழித்தும் மிஷன் பயணங்களைப் பற்றி நடக்கும் எல்லா விவாதமும் அந்த ஒரு வேண்டுகோளைச் சுற்றியே நடக்கிறது.

ஆப்பிரிக்காவிலிருந்து இதைவிடக் கடுமையான குரல் எழுந்தது. கென்யாவின் ஜான் காட்டு 1971இல், வெளிநாட்டு மிஷனரிகளும் பணமும் சில காலம் நிற்கட்டும், ஆப்பிரிக்கத் திருச்சபை தன் காலில் நிற்கப் பழகட்டும் என்றார். 1974இல் லுசாகாவில் கூடிய அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபை மாநாடும் அதை எடுத்துப் பேசியது. அதற்குச் சற்று முன், 1968இல், மெக்சிகோவுக்கு வந்த அமெரிக்கத் தொண்டர்களைப் பார்த்து இவான் இல்லிச், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்னும் பொருள்படப் பேசினார். இந்தக் குரல்களெல்லாம் பயணத்தை நிறுத்தவில்லை. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ராபர்ட் வுத்னோவும் ஸ்டீபன் ஆஃபட்டும் அமெரிக்கச் சபைகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் வெளிநாட்டுக் குறுகிய காலப் பயணம் போவதாகக் கணித்தார்கள். 1998இல் மிட்ச் சூறாவளி அழித்த ஹோண்டுராஸில் கர்ட் வெர் பீக் ஓர் ஒப்பீடு செய்தார். வெளிநாட்டுக் குழுக்கள் கட்டிய வீடுகள், உள்ளூர் நிறுவனங்கள் கட்டிய வீடுகள் இரண்டிலும் குடியிருந்தவர்களைக் கேட்டார். குடியிருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கட்டப் போனவர்கள் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்றார்கள்; ஆனால் பிறகு அவர்கள் கொடுத்த காணிக்கையைப் பார்த்தால் நீடித்த மாற்றம் சொற்பமே.

இந்த ஆய்வைப் படிக்கும்போது அது வெள்ளைக்காரர்களைப் பற்றியது என்று ஒதுக்கிவிட நமக்கு உரிமை இல்லை. இன்று நாமும் அனுப்புகிறவர்கள். நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு தமிழ்நாட்டு விசுவாசிகளின் காணிக்கையில் வளர்ந்து, 1970களில் குஜராத்தின் டாங்ஸ் காடுகளுக்கும் பிறகு ராஜ்மகால் மலையின் மால்டோ மக்களிடமும் ஆட்களை அனுப்பியது. அவர்கள் குடும்பத்தோடு போய், மலேரியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தும் அங்கேயே இருந்து, அந்த மொழியைக் கற்றவர்கள். தமிழகத்துக் கத்தோலிக்கக் குருக்களும் கன்னியரும் ஆப்பிரிக்க நாடுகளின் கிராமங்களில் பணியாற்றுகிறார்கள். இவர்களைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. என் கவலை, இவர்களைப் பார்க்க ஏப்ரல் மே விடுமுறையில் குழுவாகப் போய் வரும் நம்மைப் பற்றியது.

பணித்தளத்துக்கு நாம் போகும் நாளில் அந்த ஊரில் நடப்பதை ஊர்க்காரர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கூலி வேலையைப் பெண்கள் அன்று விட்டுவிடுகிறார்கள். முதல் நாளே வாசல் மெழுகிக் கோலம் போடுகிறார்கள். விருந்துக்குக் கோழி அடிக்கிறார்கள். அந்தக் கோழி யார் வீட்டுக் கோழி என்று நாம் கேட்பதில்லை. மத்தளமும் மாலையும் பொன்னாடையும் வருகின்றன. நமக்குப் புரியாத மொழியில் அவர்கள் பாடுகிறார்கள். அவர்களுக்குப் புரியாத மொழியில் நாம் சாட்சி சொல்கிறோம். இடையில் ஊழியர் மொழிபெயர்த்து மொழிபெயர்த்துத் தொண்டை வறள்கிறார். பிள்ளைகளுக்கு பிஸ்கெட்டும் நோட்டும் கொடுத்து, வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கிறோம். பெற்றோரிடம் அனுமதி கேட்பது அபூர்வம். நம் சபையில் நம் பிள்ளைகளை முன்பின் தெரியாதவர்கள் இப்படிப் படமெடுத்துப் பரப்பினால் பொறுத்துக்கொள்வோமா? மூப்பர் ஒருவர் கூரை ஒழுகுவதைச் சொல்கிறார். குழுத் தலைவர் உணர்ச்சிவசப்பட்டு, “நாங்க பாத்துக்கறோம்” என்று வாக்குக் கொடுக்கிறார். வேன் கிளம்பிவிடுகிறது. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் அந்தக் கூரைக்கு அடியில் நின்று, அவங்க எப்ப வருவாங்க என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உபதேசியார்தான்.

இன்னொரு சுமையும் அவர் தலையில்தான் விழுகிறது. ஒடிசாவில் 1967 முதலும் மத்தியப் பிரதேசத்தில் 1968 முதலும் குஜராத்தில் 2003 முதலும் ஜார்க்கண்டில் 2017 முதலும் மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலும் 2002இல் ஒன்று வந்து பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. வெளிநாட்டார் சுற்றுலா விசாவில் வந்து கோயிலைப் பார்க்கலாம், பிரசங்கம் செய்யக் கூடாது. 2021 முதல் ஓசிஐ அட்டை வைத்திருக்கும் நம் உறவினர்களுக்கும் மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி வேண்டும். இந்தச் சட்டங்களில் பலவற்றை நான் அநீதி என்றே கருதுகிறேன். அது வேறு வழக்கு. ஆனால் ஒரு குழு போய் ஒலிபெருக்கி வைத்துப் பேசிவிட்டு வந்தால், மறுநாள் காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுகிறவர் அந்த ஊர்க்காரர். அதுவரை தண்ணீர்க் குழாயில் சேர்ந்து நின்ற பக்கத்து வீட்டாரின் முகம் மாறினால், அந்த முகத்தோடு வாழ வேண்டியதும் அவரே. நம் தைரியத்துக்கு அடுத்தவரை விலை கொடுக்க வைப்பது விசுவாசம் ஆகாது.

அப்படியானால் போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஹீபர் அன்று காலை கோட்டைக்குப் போகாமல் யோவான் ஆலயத்தோடு நிறுத்தியிருந்தால் கோட்டைச் சபையின் குறை எவர் காதிலும் விழுந்திருக்காது. அசரியா யாழ்ப்பாணம் போகாவிட்டால் தோர்னக்கல் இல்லை. தனிமையில் கிடக்கும் ஊழியருக்குத் தமிழ் பேச நாலு பேர் வந்து ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அப்படித் தனித்து இருந்தவர்களே சொல்வார்கள். பார்க்கப் போவது நல்லது. உதவி செய்தோம் என்று அதற்குப் பெயர் வைக்கும்போதுதான் கெடுகிறது. பலன் தந்த வருகைகளில் வந்தவர் குறைவாகப் பேசினார், உள்ளூரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை மதித்தார், தங்கி உழைப்பவரின் கையைப் பலப்படுத்திவிட்டு நகர்ந்தார். பலன் தராதவற்றில் வந்தவரே கதாநாயகர்.

திருச்சிச் சபைகளுக்கும் பங்குகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கோடைப் பயணத்துக்கு வேன் பிடிக்கும் முன், போகவிருக்கும் ஊரின் உபதேசியாரையும் அந்தச் சபைப் பெண்களில் இருவரையும் இங்கே அழையுங்கள். பயணச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தங்க வையுங்கள். ஞாயிறு ஆராதனையில் அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். உங்கள் குழு வரவேண்டுமா, எப்போது, எத்தனை பேர், என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். வரவேண்டாம் என்று சொன்னால் அதையும் ஏற்று, பயணத்துக்கு ஒதுக்கிய பணத்தை அந்த உபதேசியாரின் சம்பளத்துக்கு அனுப்பிவையுங்கள்.